யாழ் நகரில் கடலோரப் பழைய வீடு: இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வவுனியாப் பிள்ளை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு யாழ். போதனா வைத்தியசாலைக்கு இடமாற்றம் வந்திருக்கிறது. தைக்கு முன் குடிவர வேண்டும். பிள்ளைகள் இருவர். மூத்தவள் நான்காம் வகுப்பு, சின்னவன் முன்பள்ளி. மாமியும் எங்களோடு வருகிறார், அவருக்கு முழங்கால் வருத்தம்.

வீடு தேடி அலைந்ததில் இரண்டு இடம் சரிவரும்போல இருக்கிறது. ஒன்று கோண்டாவில் பக்கம், புதிதாகக் கட்டிய மேல்மாடி. டைல்ஸ், ஏசி, எல்லாம் பூட்டியது. மற்றது பிரதான வீதிக்கும் கடற்கரை வீதிக்கும் நடுவில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீடு. தெருப் பக்கம் திண்ணை, நீள விறாந்தை, நடுவில் முற்றம், ஒரு முழத்துக்கு மேல் தடித்த சுவர், பின்வளவில் கிணறும் வேப்பமரமும். வீட்டுக்காரர் கனடாவில். அவருடைய மச்சான் ஒருவர்தான் சாவி வைத்திருக்கிறார், வாடகையும் அவரிடம்தான் கட்டவேண்டுமாம்.

கணவருக்குக் கோண்டாவில்தான் சரியென்று படுகிறது. எனக்கு அந்த முற்றத்தில் கால் வைத்ததிலிருந்து வேறு வீட்டில் மனம் போகவில்லை. ஆனால் நான் குளக்கட்டு ஊரில் வளர்ந்தவள், கடலுக்குப் பக்கத்தில் இருந்து பழக்கமில்லை. அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள், முன்பு இருந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். தண்ணீர் எப்படி? மாரியில் வெள்ளம் வருமா? சுவரில் ஒரு பக்கம் வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது, அது பெரிய பிரச்சினையா? நுளம்பு, சத்தம், மணம் எல்லாம் தாங்குமா? சாதாரண நாளில் அங்கே வாழ்க்கை எப்படிப் போகும் என்று தெரிந்தால் கணவரோடு பேச வசதியாக இருக்கும்.

இப்போது கொக்குவில் எழுதியது:

தங்கச்சி, நாங்கள் குருநகர்ப் பக்கம் வாடகைக்கு இருந்து மாறி வந்தவர்கள். அயலட்டத்துச் சனம் தங்கமானவர்கள், அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் 2020 மார்கழியில் புரெவிப் புயல் மழை அடித்தபோது விறாந்தைக்குள் தண்ணீர் வந்து, பிள்ளைகளின் கட்டிலை மேசைக்கு மேல் தூக்கி வைத்தோம். தண்ணீர் வடிந்த பிறகும் கீழ்ச்சுவரின் ஈரம் பங்குனி வரைக்கும் காயவில்லை. அம்மாவுக்கு இழுப்பு வருத்தம், வைத்தியர் வீட்டை மாற்றச் சொன்னார். மாறினோம்.

கிணற்றுத் தண்ணீர் குளிக்க, உடுப்புத் தோய்க்க மட்டும்தான். குடிக்க வாங்கினோம். வயதுபோனவரும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற வீடென்றால் நான் கோண்டாவில் என்றுதான் சொல்லுவேன். உங்கள் கணவர் இரவு டியூட்டி முடிந்து வரும்போது அந்தத் தூரம் ஒரு தூரமில்லை.

பிரதான வீதி அக்கா எழுதியது:

தங்கச்சி, மேலே தம்பி எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த மழையில் எங்கள் ஒழுங்கையிலும் சில வீடுகளுக்குள் தண்ணீர் போனது, சில வீடுகளுக்குள் போகவில்லை. எது எதற்குள் போகும் என்பதை முன்பே கண்டுபிடிக்கலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

நான் நீங்கள் பார்த்த பகுதியிலேயே பிறந்து வளர்ந்து, அதே வீட்டில் இன்னும் இருப்பவள். அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு, பிறகு எனக்குச் சீதனமானது. 1995 ஒக்டோபர் 30 அன்று சண்டை நெருங்க எல்லோரையும் போல நாங்களும் பூட்டிவிட்டுத் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ஓடு பாதி இல்லை, கதவு நிலைகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், முற்றத்தில் ஆளுயரத்துக்கு நாயுருவியும் எருக்கலையும். சுவர் மட்டும் நின்றது. அந்தச் சுவரைப் பற்றித்தான் முதலில் எழுதவேண்டும், நீங்கள் கேட்ட வெள்ளைப்பூ அதில்தான் இருக்கிறது.

இந்தப் பகுதிப் பழைய வீடுகள் சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் வைத்து, சுண்ணாம்புச் சாந்தால் கட்டியவை. கோட்டையைச் சுற்றிப் பார்த்தால் அதே கல்லைக் காண்பீர்கள். போர்த்துக்கேயர் தொடங்கியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐந்து மூலையாக மாற்றிக் கட்டியபோதும் கடலிலிருந்து எடுத்த கல்லைத்தான் வைத்தார்கள். அந்தக் கல்லும் சாந்தும் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும், வெயிலும் காற்றும் பட்டால் திரும்ப விடும். மாரியில் உறிஞ்சி, கோடையில் விட்டு, அப்படியே இருநூறு வருடம் நிற்கும். இதற்கு மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் போகிறது. உள்ளே நின்று, மேலே ஏறி, சீமெந்து முடிகிற இடத்தில் உப்போடு வெளியே வருகிறது. அதுதான் பூப்பது. எங்கள் நடுஅறையில் அப்பா காலத்தில் ஒரு மேசன் இடுப்பளவு உயரத்துக்குச் சீமெந்து பூசிவிட்டுப் போனார். அந்தக் கோட்டுக்குச் சரியாக மேலே ஒரு சாண் அகலத்துக்குச் சுவர் வெள்ளைப் பொடியாக உதிரும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. பெயின்ற் அடிக்க அடிக்கச் செதில் செதிலாகக் கழன்று விழும். கடைசியில் சீமெந்து முழுவதையும் கொத்திக் கழற்றி, ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமையாக விட்டு, பிறகு சுண்ணாம்புச் சாந்து பூசி வெள்ளையடித்தோம். ஈரம் இப்போதும் ஏறுகிறது, ஆனால் காய்ந்துவிடுகிறது.

நீங்கள் பார்த்த வீட்டிலும் அந்தப் பூ எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிலத்திலிருந்து ஒரே உயரத்தில் கோடு போட்ட மாதிரி நின்றால் சீமெந்துதான் காரணம், திருத்தலாம். முகட்டுப் பக்கத்திலிருந்து கீழே வழிந்த மாதிரி இருந்தால் ஓடு ஒழுகுகிறது. அதைக் குடிவர முன்பே வீட்டுக்காரர் செய்து தரவேண்டும். கூரை வளைகளை ஒரு திருகாணியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முற்றின பனையின் வைரம் என்றால் திருகாணி இறங்காது, கறையானும் சேராது. இடையில் யாராவது மலிவு மரம் மாற்றியிருந்தால் அங்கேதான் கவனம்.

இதோடு சேர்த்து ஒரு வேண்டுகோள். ஏசி பூட்டலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். யன்னலை அடைத்து, முற்றத்துக்கு மேல் தகரம் போட்டு, திண்ணையைக் கம்பி வைத்து மூடினால் அந்த வீட்டுக்கு மூச்சு நின்றுவிடும். முற்றத்துச் சூடு மேலே எழும்ப, தெருப் பக்கத்துக் காற்று விறாந்தையால் உள்ளே வரும். பங்குனி, சித்திரை வெக்கையில்கூட மத்தியானம் எங்கள் நடுஅறையில் ஃபான் இல்லாமல் படுப்போம்.

தண்ணீர். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கியாறுதான் உண்டு, அதுவும் அராலிப் பக்கம் போய்க் கடலில் விழுகிறது. நாம் கிணற்றில் எடுப்பது மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கிய தண்ணீர். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, அதனால் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. கடலுக்குக் கிட்டப் போகப் போக அந்தப் படை மெலிசு. மோட்டரைப் போட்டு ஒரே இழுவையில் தாங்கியை நிரப்பினால் அடியிலிருந்து உப்பு ஏறும், ஏறினால் மாரி வந்தால்தான் இறங்கும். நாங்கள் காலையில் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம் இறைப்போம். எங்கள் கிணறு சமைக்கத் தாங்கும், இரண்டு வளவு தள்ளி உள்ள கிணற்றில் சவர்க்காரம் நுரைக்காது. ஆகவே பகுதியைப் பார்த்துச் சொல்ல முடியாது, அந்தக் கிணற்றைத்தான் பார்க்கவேண்டும். இது புரட்டாதி, கிணறு ஆக வற்றியிருக்கிற நேரம். நல்லதாகப் போயிற்று. ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்துப் பாருங்கள். இப்போதே வாய்க்குச் சரியென்றால் வருடம் முழுக்கச் சரி. அதோடு மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள், பக்கத்து வளவுக் குழியையும் சேர்த்து. நெருக்கமான வளவுகள், சுண்ணாம்புக்கல் வெடிப்பால் எல்லாம் ஓடித் திரியும். ருசி நல்லாக இருந்தாலும் பிள்ளைகளுக்குக் கொதித்தாறிய தண்ணீர்தான் கொடுக்கவேண்டும்.

வெள்ளம் கடலிலிருந்து வருவதில்லை. நகரத்து மழைத் தண்ணீர் முழுக்க வாய்க்கால்களால் கடல்நீரேரிக்குத்தான் வரவேண்டும். வாடைக் காலத்து மழையில் ஏரி மட்டம் உயர்ந்து நிற்க, வாய்க்காலில் பொலித்தீனும் போத்தலும் அடைத்துக் கிடக்க, தண்ணீர் போக இடமில்லாமல் ஒழுங்கைக்குள் திரும்புகிறது. எங்கள் ஒழுங்கை வாய்க்காலைத் துப்புரவாக்கச் சொல்லி ஒவ்வொரு ஆவணியிலும் கடிதம் கொடுக்கிறேன். பொறுப்பானவர்கள் மார்கழியில் வருவார்கள், வந்தால் உண்டு. அதனால் ஐப்பசி பிறந்தவுடன் நாங்கள் அயலவர்கள் சேர்ந்து மண்வெட்டியோடு இறங்கிவிடுவோம். நீங்கள் சாவி வைத்திருப்பவரிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்கவேண்டாம், எதிர்வீட்டில் கேளுங்கள். 2008 நிஷாப் புயலுக்கு எதுவரை வந்தது, 2020இல் எதுவரை என்று படியைக் காட்டிச் சொல்வார்கள். பழைய வீடுகளை உயர்ந்த அத்திவாரத்தில்தான் கட்டினார்கள். பிறகு தெருவுக்குத் தார் மேல் தாராகப் போட்டுத் தெருவை உயர்த்தியதால் சில வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. தெருவிலிருந்து வீட்டுக்குள் போகப் படி ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஏறினால் பயம் குறைவு.

ஏறுகிற படி மாமிக்குக் கஷ்டம், அதையும் யோசிக்கவேண்டும். கைபிடி ஒன்று பூட்டலாம். அதைவிட முக்கியம் கக்கூஸ். இந்த வீடுகளில் அது பின்வளவின் மூலையில் இருக்கும். இராத்திரி மழைக்குள் முழங்கால் வருத்தக்காரர் அங்கே போகமுடியாது. வீட்டோடு சேர்ந்த குளியலறை இல்லையென்றால் கட்டித் தரச் சொல்லி முதலே பேசுங்கள்.

நுளம்பு கடலால் வருவதல்ல, ஓட்டுப் பீலியாலும் பாழ்வளவுகளாலும் வருவது. மார்கழி, தையில் டெங்கு கூடுகிறது, அந்த மாதங்களில் பீலியைக் கூட்டாமல் விடக்கூடாது. சோளகம் வைகாசியில் எழும்பி புரட்டாதி வரை அடிக்கும். அது எங்களுக்கு நேரே கடலிலிருந்து வருகிற காற்று. சைக்கிள், கேற், யன்னல் கம்பி, தையல் மெஷின், எல்லாவற்றிலும் கறள். எண்ணெய்த் துணி ஒன்று எப்போதும் கைக்கெட்ட வைத்திருப்பேன். தண்ணீர் வற்றிக் கரையில் சாதாளை ஒதுங்கி அழுகுகிற நாட்களில் மணம் இருக்கும், உண்மைதான். காற்று மாறினால் போய்விடும்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது. சாதாரண நாளில் இங்கே எல்லாம் நடைதான். பேராலய மணி விடிய முன் அடிக்கும். அதோடு நான் எழும்பித் திண்ணையைக் கழுவுவேன். வெதுப்பகத்துப் பாண் ஓட்டோவில் வரும். பள்ளிக்கூட நேரத்தில் பிரதான வீதி முழுக்க வெள்ளைச் சட்டைகள். சம்பத்திரிசியார், திருக்குடும்பக் கன்னியர் மடம், கொஞ்சம் தள்ளிப் பரி. யோவான், சுண்டுக்குளி மகளிர் என்று பிள்ளைகள் பிரிந்து போவார்கள். அந்த அரைமணி நேரம் தெருவைக் கடக்க முடியாது, பின்னேரம் ரியூசன் விட்டால் மறுபடி. பிறகு ஒரு பெரிய அமைதி. பின்னேரம் வெயில் தாழ நான் பண்ணைக் கடற்கரைப் பக்கம் நடப்பேன். கோட்டை மதிலோடு போய்ப் பாலத்தின் தொடக்கம் வரை, மண்டைதீவுப் பக்கம் சூரியன் இறங்குகிற நேரம். திரும்பும் வழியில் பொது நூலகம். 1981இல் 97,000 நூல்களோடு அது எரிந்தபோது அப்பா முற்றத்து வேப்பமரத்தின் கீழ் நின்று வானத்தைப் பார்த்தபடி நின்றது எனக்கு ஞாபகம். பிறகு திரும்பத் திறந்தார்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு வருவேன். உங்கள் மூத்தவளுக்குச் சிறுவர் பகுதி பிடிக்கும்.

தவக்காலம் வந்தால் இரவில் கூத்துப் பழகுகிற சத்தம் கேட்கும். மத்தளமும் தாளமும் தூரத்தில், ஒரே அடியைத் திரும்பத் திரும்ப. நீ. மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இதே பிரதான வீதியில்தான் இருக்கிறது. அவர்கள் போடும் திருப்பாடுகளின் காட்சிக்குச் சைவக்காரர் நாங்களும் பாய் எடுத்துக்கொண்டு போவோம். தையில் வாடைக்காற்றுக்குக் கூவுகிற விண் பூட்டிய பட்டங்களை இரவிரவாகக் கட்டிவிடுவார்கள். முற்றத்தில் படுத்தால் அந்தக் கூவல் தலைக்கு மேல் கேட்டபடி இருக்கும். சின்னவனுக்கு அது முதல் பட்டமாக இருக்கட்டும்.

நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஒழுங்கையில் நான் சிறுமியாக இருந்தபோது வரிசையாகத் திண்ணை வைத்த வீடுகள். சில சண்டையில் செல் குண்டு விழுந்து போயின, அதைத் தடுக்க எங்களால் முடியவில்லை. ஆனால் சண்டை முடிந்த பிறகு போனவைதான் அதிகம். உரித்துக்காரர் நாலைந்து நாட்டில், யாரும் குடியில்லை. ஒரு மாரிக்கு ஓடு ஒன்று விலகும், அடுத்த மாரிக்கு வளை உக்கும், அதற்கடுத்த வருடம் ஆபத்தான கட்டடம் என்று இடித்துக் கடைத்தொகுதி கட்டுவார்கள். ஆள் இருந்து, காலையில் யன்னல் திறந்து, விலகின ஓட்டைத் தள்ளிவிடுகிற வீடு விழுவதில்லை. நீங்கள் வந்தால் அந்த வீடு இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும் என்று நான் நம்புகிறேன். அதற்காக உங்கள் பிள்ளைகளின் உடம்பைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை. இப்போதே முற்பணம் கட்டவேண்டாம். ஐப்பசிக் கடைசியில் ஒரு பெருமழை நாளில் பஸ் ஏறி வந்து, குடையோடு அந்த முற்றத்தில் நின்று பாருங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கரையூர்ப் பெடியன் எழுதியது:

அக்கா சொன்னதோடு கரைப்பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நான் சொல்லலாம். நாங்கள் தலைமுறையாகத் தொழிலுக்குப் போகிற ஆட்கள். குருநகர் இறங்குதுறைக்கு விடிய வந்தால் நண்டு, இறால், ஒட்டி, திரளி, கணவாய் எல்லாம் ஏலம் கூறி விற்பார்கள். கூறுகிற விலையைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அது கூடையோடு எடுக்கிற வியாபாரிகளுக்கு. பக்கத்தில் அக்காமார் பிரித்து விற்பார்கள், ஒரு கிழமை தொடர்ந்து வந்தால் முகம் பழகிவிடும். நண்டை உயிரோடு பார்த்து வாங்குங்கள். தூக்கிப் பார்த்தால் பாரமாக இருக்கவேண்டும், பெரிதாக இருந்து பாரமில்லையென்றால் உள்ளே சதை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தொழிலுக்குப் போவதில்லை, அன்றைக்கு மீன் தேடி வரவேண்டாம்.

எங்கள் ஏரி ஆழமில்லாதது. நெடுந்தூரம் இடுப்பளவு தண்ணீரில் நடந்தே சிறகுவலை கட்டுகிறோம். ஆழமில்லை என்று பிள்ளைகளை இறங்க விடாதீர்கள், அடியில் சேறு, சிப்பி, பழைய கம்பி எல்லாம் கிடக்கும். கரை நடக்கத்தான் நல்லது.

சத்தம் கேட்டீர்கள். விடிய முன் மோட்டர் சத்தம் இருக்கும், அது எங்கள் சோறு. பாசையூர் அந்தோனியார் பெருநாள் ஆனி 13, யாகப்பர் பெருநாள் ஆடியில். அந்த நாட்களில் ஸ்பீக்கர், வெடி, பாண்ட் எல்லாம் உண்டு. எங்கள் பாடும்மீன் உதைபந்தாட்ட அணி கிண்ணம் எடுத்தாலும் அப்படித்தான். மற்ற நாட்களில் ஒன்பது மணிக்குப் பிறகு ஊர் அடங்கிவிடும். எங்கள் யாகப்பர் கோவிலில் 1993 நவம்பர் 13 விமானக் குண்டு விழுந்து செத்தவர்களின் பெயர்கள் இன்னும் வீடுகளில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். கார்த்திகையில் அயலில் யாராவது பேசாமல் இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும் என்பதால் சொல்கிறேன்.

கார் இருந்தால் கரைக்குப் போகிற ஒழுங்கைகளை மறித்து நிறுத்தாதீர்கள். வலையும் எஞ்சினும் அந்த வழியால்தான் தோளில் வரும்.

வவுனியாப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். படி ஏறித்தான் உள்ளே போனோம், மூன்று படி. கக்கூஸ் நீங்கள் சொன்ன மாதிரியே பின்மூலையில். கணவர் இப்போது கேட்பது ஒன்றுதான். வீட்டுக்காரர் கனடாவில் இருக்க, மச்சான் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒப்பந்தம் செல்லுமா? நாளைக்கு வேறு யாராவது வந்து எழும்பச் சொன்னால்? அதோடு, பிடித்துப்போனால் பிறகு வாங்க முடியுமா என்றும் கேட்கிறார்.

பிரதான வீதி அக்கா எழுதியது:

கணவர் வாங்குவதைப் பற்றிக் கேட்கிறார் என்றால் எனக்குச் சந்தோசம்.

மச்சானிடம் அற்றோனித் தத்துவம், அதாவது வீட்டுக்காரருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் பத்திரம், இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பிரதியை வாங்கி உங்கள் நொத்தாரிசிடம் காட்டுங்கள். வாடகைக்குக் கொடுக்கிற அதிகாரம் அதில் எழுதியிருக்கவேண்டும். வெறும் சாவி மட்டும்தான் என்றால் கனடாவிலிருந்து எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அதுவரை காசு கொடுக்கவேண்டாம். வீட்டுக்குக் கட்டும் சோலைவரியின் ரசீது யார் பெயரில் என்றும் பாருங்கள். இந்தப் பகுதி வீடுகள் பல தகப்பன், பாட்டன் பெயரிலேயே கிடக்கும்.

ஒப்பந்தத்தில் மூன்று விசயம் எழுதுவியுங்கள். ஓடு திருத்தம் யார் செலவு, குளியலறை கட்டினால் அந்தக் காசை வாடகையில் கழிப்பதா, சுவரில் சீமெந்து பூசுவதில்லை. மூன்றாவதைப் பார்த்து நொத்தாரிசு என்ன இது என்று கேட்பார், இருந்தாலும் எழுதுவியுங்கள்.

வாங்குவதென்றால் உறுதியை, அதாவது வீட்டுப் பத்திரத்தை, பார்த்துத்தான் பேசலாம். முதுசமாக வந்து சகோதரங்களுக்குப் பங்கு இருந்தால், யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்குக்காரருக்கு முதலில் அறிவித்து, அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் வெளியாருக்கு விற்கலாம். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அறிவிக்காமல் எழுதின உறுதியைப் பங்குக்காரர் பிறகு நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். ஒருவருக்கே சீதனமாகவோ நன்கொடையாகவோ எழுதின வீடென்றால் சிக்கல் குறைவு. ஆட்கள் பல நாட்டில் இருந்தால் கையெழுத்துச் சேர வருடக்கணக்காகும், அந்த நேரத்துக்கு வாடகைக்கு இருந்து வீட்டைப் படித்துக்கொள்ளலாம்.

மழை நாளில் வரும்போது முதலே ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். சுண்ணாம்புச் சாந்து வேலை தெரிந்த வயதான மேசன் ஒருவர் அரியாலையில் இருக்கிறார், அவரையும் அன்றைக்கு வரச் சொல்கிறேன். சுவரை அவர் தட்டிப் பார்த்துச் சொல்லட்டும்.